அலமாரி மாறிக் கிடந்த புத்தகங்கள்: கோத்தகிரியில் எட்டு மாத வாசிப்பு

2025 ஜூன் மாதம் சாகித்திய அகாதெமியின் சிறார் இலக்கிய விருதான பால சாகித்ய புரஸ்கார் அறிவிப்பு வந்தது. தமிழுக்கு விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. பேப்பரில் அதைப் பார்த்துவிட்டு என் அண்ணன் மகள் கேட்டாள்: "அத்தை, இது எனக்கா, தம்பிக்கா?"

அவளுக்கு 14 வயது, தம்பிக்கு 9. கேள்வி எனக்குச் சரியாக உறைத்தது. தம்பிக்குப் படக்கதை இருக்கிறது, துளிர் இதழ் இருக்கிறது, பள்ளியில் வாசிப்பு இயக்கம் தரும் சின்னச் சின்ன புத்தகங்கள் இருக்கின்றன. எனக்கு நாவல்கள் இருக்கின்றன. நடுவில் நிற்கிற அவளுக்கு? ஆங்கிலத்தில் மாயாஜாலத் தொடர்களை ஒன்றுவிடாமல் படித்து முடித்துவிட்டாள். தமிழில் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒன்றும் படித்ததில்லை. "தமிழ்ல எனக்கு ஏத்த மாதிரி எதுவும் இல்ல அத்தை" என்று அவள் சொன்னபோது மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை. அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து எழுத ஆரம்பித்தேன். இது அந்த நோட்டிலிருந்து.

நான் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் வீடு பக்கத்துத் தெரு. ஞாயிறு சாயங்காலம் அவள் வருவாள், டீ போட்டுக்கொண்டு ஒரு புத்தகத்தின் முதல் பத்துப் பக்கத்தை நான் சத்தமாக வாசிப்பேன். பத்தாவது பக்கத்தில் நிறுத்தும்போது அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனால் 'டிக்'. மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனால் சுழி. எங்களுக்குள் வேறு விதி எதுவும் கிடையாது. இதுவரை 23 புத்தகம், 14 டிக்.

முதலில் விருதுப் பட்டியலைத்தான் ஏணியாக வைத்துக்கொண்டேன். பால புரஸ்கார் 2010இல் தொடங்கியது, ஆண்டுக்கு ஒரு தமிழ் எழுத்தாளர், பரிசு 50,000 ரூபாய். ஆக 16 பெயர். விசாரித்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் தம்பி வயதுக்கானவை. அதில் தவறு ஒன்றுமில்லை, விருதே சிறார் இலக்கியத்துக்கானதுதான். அவளுக்கென்று ஒதுக்கியதில் முதலில் வாசித்தது 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. ஒரு மரப்பாச்சி பொம்மை சிறுமியோடு பேசுகிறது, அவளுக்கு நேர்கிற தவறான தொடுதலை வெளியே சொல்லத் தைரியம் கொடுக்கிறது. என் கணக்கில் பத்து, பதினோரு வயதிலேயே கையில் கொடுக்க வேண்டிய புத்தகம். அவள் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "இதை நான் அஞ்சாவதுல படிச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் நான் தோண்டவில்லை.

அடுத்தது 2023இன் விருதுப் புத்தகம், உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியை வைத்து எழுதப்பட்ட இளையோர் நாவல். இளையோர் என்ற சொல்லே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்று தனி அலமாரி உண்டு. எஸ்.இ. ஹிண்டன் என்ற அமெரிக்கப் பெண் பள்ளியில் படிக்கும்போதே எழுதி 1967இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை அந்த வகையின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். நம்மிடம் அந்தப் பெயர் இப்போதுதான் புழக்கத்துக்கு வருகிறது. பெயர் இருந்தால் கடையில் கேட்டு வாங்கலாம், நூலகத்தில் தனியாக அடுக்கலாம். பெயர் இல்லாததால் எத்தனை புத்தகம் கைக்கு வராமல் போயிருக்கிறது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

ஜூலையில் கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். காலை ஆறரைக்குக் கோத்தகிரியில் பஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் மாறி, பத்தரைக்கு உள்ளே நுழைந்தோம். ஒரு கடையில் "13 வயசுக்கு மேல பொண்ணுக்கு நாவல் இருக்குங்களா?" என்று கேட்டேன். ஒரு கை படம் வரைந்து வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் காட்டியது, இன்னொரு கை வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகத்தைக் காட்டியது. இன்னும் மூன்று கடையில் இதே கதைதான். அண்ணன் மகள் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் ஒன்று செய்தேன், அது இன்றைக்கு வரை கைகொடுக்கிறது. ஏற்கெனவே டிக் வாங்கிய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அந்தப் பதிப்பகத்தின் மற்ற வெளியீடுகள் என்று அச்சிட்டிருப்பதைப் படித்து, பெயர் சொல்லிக் கேட்டேன். பெயர் சொன்னதும் அடியிலிருந்தெல்லாம் எடுத்துத் தருகிறார்கள். வானம் பதிப்பகம், பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' இரண்டின் பட்டியலும் இப்படித்தான் என் நோட்டுக்குள் வந்தன. விழியனின் 'மலைப்பூ' அன்றைக்குக் கிடைத்ததுதான். மலைக்கிராமத்துச் சிறுமி ஒருத்தியின் கதை. மலைப் பிள்ளைக்கு மலைப் பிள்ளை கதை வாசிக்கும்போது விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆகஸ்டில் இரா. நடராசனின் 'ஆயிஷா'. கையடக்கமான சின்னப் புத்தகம். ஓர் ஆசிரியை தன் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரை போல அமைந்த கதை. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு மாணவி, அடி வாங்கும்போது வலி தெரியாமல் இருக்கத் தன் உடம்பிலேயே ஒரு சோதனை செய்து பார்த்து இறந்துபோகிறாள். பத்துப் பக்க விதி இங்கே செல்லவில்லை. நிறுத்த விடவில்லை அவள். முடித்த பிறகு அடுப்படிக்குப் போய் டம்ளர்களைக் கழுவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். ஆசிரியர்கள் நிறையப் பேர் அறிந்த புத்தகம் இது. ஆனால் அவள் வகுப்பில் ஒரு பிள்ளையும் கேள்விப்பட்டதில்லை. அடுத்த வாரம் அது நான்கு வீடு சுற்றிவிட்டு வந்தது.

செப்டம்பரில் ஜெயமோகனின் 'பனிமனிதன்'. எழுத்தாளர் எல்லோருக்கும் தெரிந்தவர், இந்தப் புத்தகம் அவ்வளவு தெரியாது. தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் சாகசக் கதை, நடுநடுவே அறிவியலும் தத்துவமும் பிள்ளைக்குப் புரிகிற அளவில் வருகின்றன. அதன் கையோடு அவருடைய 'யானை டாக்டர்' கதையையும் கொடுத்தேன். டாக்டர் கே என்று அழைக்கப்பட்ட வனத்துறைக் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது. யானையின் காலில் உடைந்த பீர் பாட்டில் ஏறுகிற இடத்தில் அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். பஸ்ஸில் போகும்போது மலைப்பாதை ஓரத்தில் பாட்டில் துண்டுகள் மின்னுவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. அரை மணி நேரம் கழித்து அவளே மறுபடி திறந்தாள்.

அக்டோபர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஆன்லைனில் ஒரு கடையில் ஏழு புத்தகம் வாங்கினேன். வெறும் காகித உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். மலை ஏறி வந்து சேரும்போது பார்சல் ஊறிப்போய், மேல் இரண்டு புத்தகமும் செங்கல் மாதிரி இருந்தன. ஈரத்தில் பக்கங்களைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் கிழியும், மை ஒட்டிக்கொள்ளும். முதலில் துண்டால் ஒற்றி எடுத்தோம். பிறகு புத்தகத்தை நெட்டாக நிறுத்தி, தானாக விலகுகிற இடங்களில் மட்டும் பழைய செய்தித்தாளை நுழைத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். அண்ணன் மகள் இரவு பத்தரை வரை உட்கார்ந்து மாற்றினாள். அடுப்புப் பக்கத்தில் வைக்கலாமா என்று அண்ணி கேட்டார். வேண்டாம், சூட்டில் காகிதம் நெளிந்து முறுக்கிக்கொள்ளும், காற்றுதான் வேண்டும். மூன்றாம் நாள் எல்லாப் பக்கமும் பிரிந்தது. பாதி காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்குழவியை ஏற்றிவிட்டோம். ஒன்று ஓரளவு பழைய உருவத்துக்கு வந்துவிட்டது. இன்னொன்று விசிறி மாதிரி விரிந்தே நிற்கிறது, ஆனால் படிக்கலாம். இப்போது அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டிருக்கிறேன். மருந்து டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து ஒவ்வொரு தட்டிலும் வைத்திருக்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் வெயில் நன்றாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் வெளியே நிழலில் காற்றாட வைத்து, முதுகுப் பக்கத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறோம்.

அந்த விசிறிப் புத்தகம்தான் எங்களுக்குப் புது வழி காட்டியது. அது கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. கரிசல் காட்டில் பறவைகளையும் முட்டைகளையும் தேடித் திரியும் வேங்கடேசு என்கிற பையனின் கதை. எனக்காகத்தான் வாங்கினேன், கி.ரா. புத்தகம் என்று. ஒவ்வொரு பக்கமாகத் தாள் மாற்றிக்கொண்டிருந்த அண்ணன் மகள், காயக் காயப் படித்துக்கொண்டே வந்திருக்கிறாள். "அத்தை, இதை ஏன் எனக்குன்னு எடுத்து வைக்கல?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் என் எட்டு மாதத் தேடலே திசை மாறியது. சிறுவர் அலமாரியிலும் விருதுப் பட்டியலிலும் தேடிக்கொண்டிருந்தேன். அவள் வயதுப் பிள்ளைகள் பெரியவர்களுக்கான நாவல்களில் நாயகர்களாக ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். அலமாரிதான் வேறு.

அன்றிலிருந்து நாவலை எடுத்ததும் நான் பார்ப்பது மையப் பாத்திரத்தின் வயதை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' முழுக்க ஆடு மேய்க்கும் பண்ணையத்துப் பிள்ளைகளின் உலகம். அவருடைய 'நிழல்முற்றம்' சினிமா கொட்டகையில் வேலை செய்யும் பையன்களுடையது. முதலாவது டிக் வாங்கியது, இரண்டாவதை நானே பின்னால் தள்ளி வைத்தேன். 1982இல் வந்த பூமணியின் 'வெக்கை'யில் சிதம்பரத்துக்கு 15 வயது. கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் எட்டு நாள் கதை. என்னைக் கேட்டால் தமிழின் மிகச் சிறந்த இளையோர் நாவல் அதுதான், யாரும் அப்படி அழைப்பதில்லை என்றாலும். ஆனால் முதல் வரியிலேயே வெட்டு விழுகிறது. 16 ஆகட்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள். நோட்டில் 2027 என்று அவளே எழுதி வைத்தாள்.

ஆங்கிலத்திலும் இதே மாதிரி விடுபட்டவர் ஒருவர் கிடைத்தார். சித்தார்த்த சர்மா. 'தி கிராஸ்ஹாப்பர்ஸ் ரன்' 1944இல் நாகா மலைகளில் ஜப்பானியப் படை நுழைந்த காலத்துக் கதை, 2009இல் வந்தது. 'இயர் ஆஃப் த வீட்ஸ்' ஒடிசாவில் ஒரு கோண்டு பழங்குடிக் கிராமம் சுரங்கத்துக்கு எதிராக நிற்பதைச் சொல்கிறது. அவள் பள்ளித் தோழிகளில் இருளர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. இந்த இரண்டாவது நாவலை வகுப்புக்கு எடுத்துப் போய்விட்டாள், இன்னும் திரும்பி வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை.

டிசம்பரில் எடுத்தது ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்'. 1963. எங்கள் மலையின் படகர் வாழ்க்கையை வைத்து எழுதிய நாவல், ஜோகி என்கிற சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. இத்தனை வருடம் கோத்தகிரியில் இருந்துகொண்டு நான் இதைப் படிக்காமல் இருந்திருக்கிறேன் என்பது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நடை பழையது, முதல் பத்துப் பக்கம் அவளுக்கு மெதுவாகத்தான் போனது, மேஜையில் விட்டுவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு அவளுடைய படகத் தோழி ஒருத்தியும் அவள் பாட்டியும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் சும்மா இரண்டு பக்கம் வாசித்தேன். பாட்டி கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, தேயிலை வருவதற்கு முன்னால் தன் மாமியார் காலத்தில் சாமை விளைந்த இடம், எருமைகள் போன வழி என்று ஜன்னல் வழியாகக் கைகாட்டிச் சொல்ல ஆரம்பித்தார். கட்டிடங்கள் நிற்கும் சரிவு அது. பிள்ளைகள் இரண்டு பேரும் எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார்கள். அன்றைக்குப் போகும்போது புத்தகம் அண்ணன் மகள் கையில் போனது. சுழியை அழித்து டிக் போட்டது இந்த ஒரு முறைதான்.

வரப்போகிற புத்தகங்களுக்கு நோட்டின் பின்பக்கத்தில் தனிப் பட்டியல். தமிழில் புதுப் புத்தகம் பெரும்பாலும் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் குவியும், அறிவிப்புகள் டிசம்பரிலேயே வர ஆரம்பிக்கும். மலைக்கு அவை வந்து சேர மாசி ஆகிவிடும். அதனால் ஜனவரியில் அறிவிப்புகளைக் குறித்து வைப்பது, ஜூலையில் கோவையிலோ ஆகஸ்டில் ஈரோட்டிலோ புரட்டிப் பார்த்து வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். பட்டியலில் எழுத்தாளர் பெயர்களைத்தான் எழுதுகிறோம், தலைப்புகளை அல்ல: விஷ்ணுபுரம் சரவணன், உதயசங்கர், யெஸ். பாலபாரதி, விழியன் அடுத்து எது எழுதினாலும். மலையாளத்திலிருந்து யூமா வாசுகி எது மொழிபெயர்த்தாலும். 2024இல் அவருடைய 'தன்வியின் பிறந்தநாள்' தொகுப்புக்குத்தான் பால புரஸ்கார். அதில் தம்பிக்கும் பங்கு உண்டு.

ஆரம்பக் கேள்விக்கும் விடை வந்துவிட்டது. 'ஒற்றைச் சிறகு ஓவியா'வை இரண்டு பேருமே கேட்டார்கள். இந்த வாரம் தம்பி முறை.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது பெண் பிள்ளை மையமாக வரும் நாவல்கள். மேலே சொன்ன பெரியவர் நாவல்களில் எல்லாம் பையன்கள்தான் காட்டிலும் மேட்டிலும் திரிகிறார்கள், அவள் அதைக் கவனித்துக் கேட்டுவிட்டாள். 13, 14 வயதுப் பெண் வீட்டைவிட்டு வெளியே இறங்கி நடக்கிற தமிழ் நாவல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த ஞாயிறே முதல் பத்துப் பக்கம் வாசித்துவிடுகிறேன்.