கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்: வகை அறிந்து ஜோடி சேர்த்த பதிவு

கூண்டில் வளர்க்கும் கலிஃபோர்னியா கிங்ஸ்நேக் பாம்பில் இந்த சீசனில் சேர்த்த ஜோடி: பட்டை போட்ட ஆண், முதுகில் நீளக் கோடு ஓடும் பெண். இரண்டும் சான் டியாகோ வழி. ஒரு காலத்தில் இவற்றை வெவ்வேறு வகையாகக் கருதினார்கள். ஒரே ஈட்டு முட்டையில் இரண்டும் வரும் என்பதை 1930களில் பாம்பு ஆய்வாளர் லாரன்ஸ் கிளாபர் காட்டினார். உடல் கோலத்தை மட்டும் வைத்து துணையினம் (ஓர் இனத்துக்குள் வரும் உட்பிரிவு) சொல்வது அவ்வளவு ஆபத்தானது.

மற்ற கிங்ஸ்நேக் வகைகளுக்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் சில உண்டு. கிழக்கத்திய வகைக்குக் கறுப்பின்மேல் வெளிர்நிறச் சங்கிலி. மெக்ஸிகன் கறுப்பு வகை வளர வளர முழுக் கறுப்பாகும். குட்டியில் தெரியும் வெளிர்புள்ளியைப் பார்த்துக் கலப்பு என்று ஒதுக்க வேண்டாம். ஃப்ளோரிடா வகையோ வயது ஏற ஏற வெளுக்கும். 2009இல் ஆய்வாளர்கள் பைரனும் பர்பிரிங்கும் பழைய துணையினங்கள் சிலவற்றைத் தனி இனமாக்கினார்கள். அதனால் பழைய பெயர்ச்சீட்டில் வேறு பெயர் இருக்கும், பாம்பு அதேதான். கூண்டில் இவை ஒன்றோடொன்று எளிதில் கலக்கும், கலப்புக் குட்டி தூய வகைபோலவே இருக்கலாம். பெற்றோரின் ஊர் தெரியாத பாம்புக்கு ஊர்ப்பெயர் சூட்டி விற்பது தவறு. தொலைந்த அந்தத் தகவலைச் செதில் எண்ணி மீட்க முடியாது.

பெண் 3 வயதும் 300 கிராமும் தாண்டியிருப்பது நல்லது. குளிர் உறக்கத்துக்கு முன் 2 வாரம் தீனி நிறுத்தி, வழக்கமான சூட்டிலேயே வயிறு காலியாக விடவும். இரையோடு குளிரில் வைத்தால் அது செரிக்காமல் அழுகி, பாம்பு செத்துவிடும். பிறகு 10–13 டிகிரியில் 8 முதல் 12 வாரம், தண்ணீர் மட்டும்.

வசந்தத்தில் பெண் முதல் சட்டை உரித்ததும் சேர்க்கலாம். இது பாம்பைத் தின்னும் பாம்பு. இரண்டுக்கும் முன்பே நன்றாகத் தீனி கொடுத்து, பக்கத்திலிருந்தே கவனிக்க வேண்டும். ஆண் கழுத்தைக் கவ்வுவது வழக்கம். சுற்றி இறுக்கத் தொடங்கினால் உடனே பிரிக்கவும்.

முட்டையிடும் முன் ஒரு சட்டை உரிக்கும். அதிலிருந்து ஒன்றிரண்டு வாரத்தில் ஈடு வரும். முட்டையிட ஈரப் பாசிப் பெட்டியை ஈடு வருமுன்பே கூண்டில் வைத்துவிட வேண்டும். முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டு, புரட்டாமல், சம எடை தண்ணீர் கலந்த வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) பாதி புதைத்து, 27–28 டிகிரியில் வைக்கவும். முட்டை குழிந்தால் ஓரமாகத் தண்ணீர் விடலாம், முட்டைமேல் படக் கூடாது. பொரிக்கும் தறுவாயில் குழிவது இயல்பு. சுமார் 60 நாளில் பொரியும்.

இந்த ஈட்டில் பட்டை, கோடு, இரண்டும் உடைந்து கலந்தது என மூன்றும் வந்திருக்கின்றன. ஒன்றையொன்று தின்னாதபடி குட்டிகள் அன்றே தனித்தனி டப்பாவுக்குப் போயின; டப்பாமேல் பெற்றோர், ஊர், பொரித்த தேதி. முதல் சட்டை உரித்தபின் புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சு கொடுக்கலாம். தொடாத குட்டிக்கு, உறைய வைத்து உருக்கிய பல்லியை எலிமேல் தேய்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் எடுக்கும். உயிருள்ள பல்லி வேண்டாம், ஒட்டுண்ணி தொற்றும்.