டவுன் த்ரோவில் ஒரு கேம்பிங் க்வில்ட்: கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிடுங்கள்

ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் டுவாலமி மெடோஸ் பக்கம் டென்ட் போட்டவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும், டி-ஷர்ட்டே அதிகம். ராத்திரி ஆனதும் அந்த 8,600 அடி உயரம் தன் வேலையைக் காட்டும். விடியற்காலையில் தண்ணீர் பாட்டிலில் மெல்லிய ஐஸ் படிந்திருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கேம்பிங் வேண்டாம் என்று குடும்பத்தில் யாராவது ஒருவர் முடிவெடுப்பது பெரும்பாலும் அந்த விடியற்காலையில்தான். நாலு பேருக்கும் நல்ல ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் விலையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவோம்.

இதற்கு அமெரிக்க மலையேறிகள் ரொம்ப நாளாகச் செய்துவரும் ஒரு வழி இருக்கிறது. காஸ்ட்கோ மாதிரி கடைகளில் சின்னப் பையில் உருட்டி வைத்து விற்கிறார்களே டவுன் த்ரோ, வாத்துத் தூவி அடைத்த மெல்லிய நைலான் போர்வை, அதையே க்வில்ட் ஆக்கிக்கொள்வது, அதாவது ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதில் மேலே மட்டும் போர்த்திக்கொள்ளும் கேம்பிங் போர்வையாக. 'டபுள் பிளாக் டயமண்ட்' என்று பெயர் போட்டு வந்ததுதான் இதில் பிரபலம். அகலம் 60 அங்குலம், நீளம் 70 அங்குலம், எடை அரைக் கிலோ சுமாருக்கு இருக்கும், சலுகை விலையில் 20 டாலருக்கே கிடைத்த காலம் உண்டு. மின்னசோட்டாவில் வினோனா என்ற ஊரில் இருக்கும் என்லைட்டன்ட் எக்விப்மென்ட் போன்ற கம்பெனிகள் க்வில்ட்டையே தொழிலாக வைத்து அருமையாகத் தைக்கிறார்கள், அதில் ஒரு டவுன் க்வில்ட் வாங்கப் பெரும்பாலும் 300 டாலருக்கு மேல் ஆகும். பனிக்காலத்தில் மலையில் படுப்பவர்கள் அந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். கோடையில் பிள்ளைகளோடு போய் ரெண்டு ராத்திரி தங்கிவிட்டு வருகிறவர்களுக்கு அது தேவையே இல்லை என்பது என் திடமான எண்ணம்.

முதலில் க்வில்ட் எதற்கு என்று பார்த்துவிடுவோம். தூவி கதகதப்பாக இருப்பது அதற்குள் சிக்கியிருக்கும் காற்றால். ஸ்லீப்பிங் பேக்கில் நாம் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கும் தூவி முழுக்க நசுங்கிப்போகும், காற்றும் போய்விடும், சூடும் போய்விடும். அப்படியானால் அந்த அடிப்பக்கத்தை ஏன் சுமக்க வேண்டும்? மேலே மட்டும் போர்த்திக்கொண்டு, கீழ்க் குளிரை அடியில் விரிக்கும் பாயை (ஸ்லீப்பிங் பேட்) கவனிக்கச் சொல்லிவிடலாமே. 1990-களில் ரே ஜார்டின் என்ற மலையேறி இதை விடாமல் சொல்லிச் சொல்லி நெடுந்தூர நடைக்காரர்கள் மத்தியில் பரவச் செய்தார்.

சரி, த்ரோ வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 'டவுன்' என்பதும் 'டவுன் ஆல்டர்னேட்டிவ்' என்பதும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி அடுக்கியிருக்கும். இரண்டாவது பாலியஸ்டர் பஞ்சு. அதுவும் மோசமில்லை, ஈரத்தைத் தாங்கும், ஆனால் அதே சூட்டுக்கு எடை கூடும். ஃபில் பவர் 600, 650 என்று எண் போட்டிருந்தால், ஒரு அவுன்ஸ் தூவி அத்தனை கன அங்குலம் உப்பும் என்று பொருள்.

இப்போது தையல். இணையத்தில் நிறைய பேர் த்ரோவை மேலே அகலமாகவும் காலடியில் குறுகலாகவும் வெட்டித் தைக்கிறார்கள், ரெண்டு மூணு அவுன்ஸ் குறையும் என்று. புதிதாகச் செய்பவர்கள் இதை மட்டும் செய்யாதீர்கள். வெட்டுவதற்கு முன் இணையாக இரண்டு வரிசை தையல் போட்டு, நடுவில் வெட்ட வேண்டும். கொஞ்சம் தவறினாலும் தூவி அறை முழுக்கப் பறக்கும், சோபா இடுக்கிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், இந்த த்ரோவில் அகலம்தான் நமக்குச் சொத்து. தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது பக்கவாட்டில் புகுகிற காற்றுதான் க்வில்ட்டின் ஒரே எதிரி, 60 அங்குலம் இருந்தால் அது புக இடமில்லை. வெட்டி 48 ஆக்கிவிட்டு அப்புறம் குளிருகிறது என்றால் என்ன செய்ய முடியும்?

அதனால் என் முறையில் கத்தரிக்கோலுக்கு வேலை நாடா வெட்டுவதோடு முடிந்தது. த்ரோவின் ஓரத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள், தூவி நிற்கும் இடத்துக்கு வெளியே கால் அங்குலத்துக்குத் தட்டையான மடிப்பு ஒன்று ஓடும். ஊசி அந்த மடிப்புக்குள்ளேயே போக வேண்டும். அம்மா இங்கே வந்திருந்தபோது மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஓரத்துலயே ஓட்டு கண்ணு, உள்ள போகாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மொத்த வேலையின் சூட்சுமமும் அவ்வளவுதான். 70-ஆம் நம்பர் மெல்லிய ஊசி, பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் நாளடைவில் இற்றுப்போகும். குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள். தப்பித் தவறி ஊசி வேறு இடத்தில் குத்திவிட்டால் அந்தத் துளையை நகத்தால் மெதுவாகத் தேயுங்கள், நைலான் இழைகள் நகர்ந்து துளை பெரும்பாலும் மூடிக்கொள்ளும். எங்காவது ஒரு தூவி எட்டிப் பார்த்தால் வெளியே பிடுங்காதீர்கள், பிடுங்கினால் பின்னாலேயே இன்னும் நாலு வரும். மறுபக்கத்திலிருந்து பிடித்து உள்ளே இழுத்துவிடுங்கள்.

காலடி ஓரத்தில் முக்கால் அங்குல கிராஸ்கிரெய்ன் நாடாவை (குறுக்கே வரி ஓடும் கெட்டியான நாடா) நீளவாக்கில் பாதியாக மடித்து, அதன் இரண்டு விளிம்பையும் சேர்த்து அந்தத் தட்டையான மடிப்பில் தைத்தால் ஒரு குழல் கிடைக்கும். பாவாடைக்கு நாடா கோப்பது போலவே ஊக்கில் மெல்லிய கயிறைக் கட்டி அதற்குள் தள்ளி மறுபக்கம் எடுத்து, ஒரு கயிறு லாக் (இழுத்த கயிறு நழுவாமல் பிடிக்கும் சின்னப் பிடி) மாட்டுங்கள். அடுத்து, நீள வாக்கு ஓரங்கள் இரண்டிலும் கீழிருந்து 20 அங்குலத்துக்கு பிளாஸ்டிக் பிரஸ் பட்டன்கள், நாலு அங்குலத்துக்கு ஒன்று. பட்டனை நேராகத் துணியில் அடிக்காதீர்கள், இழுவையில் கிழியும். நாடாவில் அடித்து, நாடாவை ஓரத்தில் தையுங்கள். பட்டனைப் போட்டுக் கயிறை இழுத்தால் கால் வைக்க ஒரு பை தயார். நடுவில் சின்ன ஓட்டை இருக்கும், அதில் ஒரு சாக்ஸைத் திணித்தால் போதும்.

கழுத்துப் பக்கமும் அதே மாதிரி குழல், கயிறு, ஒரு பட்டன். இடுப்பு உயரத்திலும் நெஞ்சு உயரத்திலும் இரண்டு பக்கமும் நாடா வளையம் தைத்து, பாய்க்கு அடியில் போகிற எலாஸ்டிக் கயிறோடு மாட்டிக்கொண்டால் எவ்வளவு புரண்டாலும் போர்வை விலகாது. காலடி மூடுவதில் கொஞ்சம் நீளம் போய்விடுவதால் ஐந்தடி எட்டு அங்குலம் வரை உள்ளவர்களுக்கு இது சரியாக வரும். அதற்கு மேல் உயரமானவர்கள் தலைப்பக்கம் பத்து அங்குலத்துக்கு ஃபிளீஸ் துணி ஒன்றை இணைத்துக்கொள்ளலாம், கழுத்துக்கும் இதமாக இருக்கும்.

எவ்வளவு குளிர் தாங்கும்? என் அனுபவத்தில் ஒரு த்ரோ 10 டிகிரி செல்சியஸ் வரை, கூடவே ஸ்வெட்டரும் குல்லாவும். அதற்குக் கீழே போனால் இரண்டாவது த்ரோ வேண்டும். இந்த த்ரோக்களில் மேல் துணியும் கீழ்த் துணியும் ஒட்டுகிற மாதிரி நேராகக் குத்தித் தைத்திருப்பார்கள், அந்தத் தையல் கோட்டில் தூவியே கிடையாது. ராத்திரி உள்ளங்கையை மெதுவாக மேலே நகர்த்திப் பார்த்தால் ஒவ்வொரு கோட்டிலும் ஜில்லென்று தெரியும். இரண்டாவது த்ரோவை அரைக் கட்டம் தள்ளி வைத்தீர்களானால் ஒன்றின் தையல் கோடு மற்றொன்றின் உப்பலான இடத்தில் விழும். இரண்டையும் சேர்த்துக் குத்தித் தைத்துவிடாதீர்கள், ஓரத்தில் பட்டனால் மட்டும் மாட்டுங்கள். இப்படி இரண்டு த்ரோவில் டுவாலமியின் கோடை ராத்திரியை நிம்மதியாகத் தூங்கிக் கழித்திருக்கிறோம்.

போர்வையை மட்டும் நம்பாதீர்கள், பாய்தான் பாதி வேலை. சிலர் வீட்டில் விருந்தாளிக்குப் போடுகிற பெரிய காற்று மெத்தையை எடுத்துப் போவார்கள், அதற்குள் காற்று சுற்றிக்கொண்டே இருந்து உடம்புச் சூட்டை மண்ணுக்குக் கொடுத்துவிடும். பாயின் ஆர் வேல்யூவைப் பாருங்கள், சூடு மண்ணுக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண் அது. 2020-லிருந்து கம்பெனிகள் ஒரே தரமுறையில் அளந்து போடத் தொடங்கியதால் இப்போது ஒப்பிடுவது எளிது. இரண்டு பாயை அடுக்கினால் எண்களும் கூடும். சாதாரண ஃபோம் பாயின் ஆர் வேல்யூ 2 சுமாருக்கு இருக்கும், மெத்தையின் மேல் அதைப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

ஹேமக்கில், அதாவது மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கையில், தூங்குகிறவர்கள் இதே த்ரோவை ஹேமக்குக்கு அடியில் எலாஸ்டிக் கயிறால் தொங்கவிடுகிறார்கள். முதுகோடு ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும்: இடைவெளி விட்டால் காற்று புகும், இறுக்கினால் தூவி நசுங்கும்.

துவைக்க டவுனுக்கென்று விற்கும் சோப், உலர்த்த டிரையரில் குறைந்த சூடு, கூடவே ரெண்டு டென்னிஸ் பந்து. தூவிக் கட்டிகள் உடைந்து முழுக்க உப்பும்வரை பொறுமையாக ஓடவிடுங்கள், உள்ளே ஈரம் நின்றால் நாறும். வீட்டில் இருக்கும்போது அந்தச் சின்னப் பையில் திணித்து வைக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாக வையுங்கள். கேம்ப் ஃபயர் பக்கம் போர்த்திக்கொண்டு போகவே கூடாது, ஒரு பொறி விழுந்தால் நைலான் உருகி ஓட்டையாகிவிடும். அப்படி ஆனால் ஒட்டுவதற்கு டெனேஷியஸ் டேப் என்ற துணி ஒட்டுப்பட்டை ஒரு துண்டு கையில் இருக்கட்டும், மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் துவைத்தாலும் உரியாது.