யாரும் முதலிடம் தராத முதலிடம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறத்தில், ஓடிடியில் வந்த சூப்பர்ஹீரோ தொடர்களில் தலைசிறந்த பத்தை வரிசைப்படுத்தினோம். முதலிடத்துக்கு 10 மதிப்பெண், பத்தாமிடத்துக்கு 1 என்று கணக்கு. நால்வர் போட்டதையும் கூட்டியபோது 40-க்கு 34 பெற்று, மார்வெல் நிறுவனத்தின் குறும்புக் கடவுளைப் பற்றிய 'லோகி' வென்றது. வேடிக்கை என்னவென்றால், அதை எங்களில் ஒருவர்கூட முதலிடத்தில் எழுதியிருக்கவில்லை. இரண்டு பேர் இரண்டாமிடத்திலும் இரண்டு பேர் மூன்றாமிடத்திலும் வைத்திருந்தோம். எங்கள் தாள்களில் முதலிடம் பெற்ற 'வாண்டாவிஷன்', 'மிஸ் மார்வெல்', 'தி பாய்ஸ்', 'டேர்டெவில்' ஆகிய நான்குமோ, வேறு யாராவது ஒருவருடைய தாளிலாவது அடியோடு காணாமல் போயிருந்தன.

இந்தக் கணக்கு செல்லாது என்று முதலில் குரல் எழுப்பியவன் என் மைத்துனன். ஐரோலியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான்; வெள்ளிக்கிழமை இரவு ஒரு தொடரைத் தொடங்கினால் சனிக்கிழமை பால்காரர் மணி அடிப்பதற்குள் முடித்துவிடுகிறவன். "அத்தான், எல்லாருக்கும் ஓரளவு பிடித்த ஒன்று எப்படி எல்லாவற்றிலும் சிறந்தது ஆகும்?" என்று கேட்டான். கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் என் அக்கா மகள், இப்படிக் கூட்டினால் ஒருவரையும் கோபப்படுத்தாத தொடர்தான் எப்போதும் மேலே வரும் என்றும், சிலர் உயிரை விடுவதும் சிலர் வெறுப்பதுமான தொடர் நடுவில் சிக்கிக்கொள்ளும் என்றும் விளக்கினாள். விளக்கம் சரிதான். ஆனால் அதற்குப் பின் நடந்த இரண்டு மணி நேரச் சண்டையில் எனக்குப் புலப்பட்டது வேறு: நாங்கள் நால்வரும் நான்கு வெவ்வேறு பொருள்களை அளந்துகொண்டிருந்தோம்.

என் அளவுகோல் என் அம்மாவிடமிருந்து வந்தது. வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கத்தரித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து அலமாரியில் அடுக்குவது எங்கள் வீட்டு வழக்கம். அந்தக் கனத்த புத்தகங்களை ஒரே மூச்சில் படித்தால் ஓர் உண்மை தெரியும். தொடர்கதை எழுதத் தெரிந்தவர் ஒவ்வொரு வாரத்துக்கும் தனியாக ஒரு வயிறு, ஒரு முகம் கொடுத்திருப்பார். தெரியாதவர் நாவல் ஒன்றை எழுதி, பக்கம் தீர்ந்த இடத்தில் 'தொடரும்' போட்டிருப்பார். சூப்பர்ஹீரோ தொடர்களையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். இது தொடரா, அல்லது ஆறு மணி நேரப் படத்தை ஆறு துண்டாக நறுக்கியதா என்பதே என் முதல் கேள்வி. 'தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்', 'ஹாக்ஐ', 'மூன் நைட்', 'சீக்ரெட் இன்வேஷன்' எல்லாம் ஆறு ஆறு பகுதிகள். இவற்றில் 'மூன் நைட்'டின் ஆஸ்கர் ஐசக் நடிப்புக்காக அதற்கு மட்டும் ஒன்பதாமிடம் தந்தேன். மற்ற மூன்றிலும் நான்காவது பகுதி எது, ஐந்தாவது எது என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் வராது.

'வாண்டாவிஷன்' எனக்கு முதலிடம் என்பதற்குக் காரணம் இதுதான். 2021 ஜனவரி 15 அன்று முதல் இரண்டு பகுதிகள் ஒன்றாக வந்தன, மொத்தம் ஒன்பது. 1950-களின் கறுப்புவெள்ளை நகைச்சுவைத் தொடர் போல முதல் பகுதி, அடுத்த பத்தாண்டின் பாணியில் அடுத்தது என்று ஒவ்வொரு வாரமும் வடிவமே கதையாக இருந்தது. இறந்துபோன காதலனோடு வாழ ஒரு பெண் கட்டிக்கொண்ட பொய்யான உலகம் எப்படிப்பட்டது என்பதை, அவள் சிறுவயதில் பார்த்த தொலைக்காட்சித் தொடர்களின் சாயலிலேயே சொன்னார்கள். இதைச் சினிமாவாக எடுக்கவே முடியாது. அமெரிக்க மேற்குக் கரையில் நள்ளிரவு 12 மணிக்கு வெளியானது நமக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.30. வீட்டிலிருந்தே வேலை செய்த அந்த மாதங்களில், வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையை 1.30-க்குத் தள்ளிப் போடுவதற்கு நான் அலுவலகத்தில் சொன்ன காரணங்களை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது. அடுத்த வெள்ளி வரை, இதற்கெல்லாம் பின்னால் இருப்பது மெஃபிஸ்டோ என்னும் சாத்தான்தான் என்று உலகம் முழுவதும் ரசிகர்கள் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். மார்ச் 5 அன்று வந்த கடைசிப் பகுதியில் அவன் வரவேயில்லை. வானத்தில் இரண்டு பேர் ஒளியை வீசிச் சண்டையிட்டார்கள். அந்த அரை மணி நேரம் மட்டும் வழக்கமான மார்வெல் படம் ஆகிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மிக்கு 23 பரிந்துரைகளும், அதில் 3 விருதுகளும் பெற்ற தொடர் என்று நான் சொன்னபோது, பரீட்சை மார்க்கைக் காட்டிப் பெண் கேட்கிறார்கள் என்று மைத்துனன் சிரித்தான். அவனுடைய பத்தில் 'வாண்டாவிஷன்' இல்லை. கறுப்புவெள்ளை வந்த பதினைந்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டானாம்.

அவனுடைய முதலிடம் 'தி பாய்ஸ்'. வீரர்களை ஒரு பெருநிறுவனம் விளம்பரப் பொருளாக வைத்து நடத்தினால் என்ன ஆகும் என்ற கேள்வியை அது கூச்சமில்லாமல் கேட்கிறது. ஆண்டனி ஸ்டார் நடித்த ஹோம்லேண்டர், புன்னகைத்துக்கொண்டே நிற்கும் நேரத்தில் தரும் அச்சத்தை வேறு எந்தத் தொடரின் வில்லனும் தரவில்லை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 2019 ஜூலையில் முதல் பருவத்தின் எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வந்தன. 2020 செப்டம்பரில் இரண்டாம் பருவத்தில் முதல் மூன்றை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை வாரம் ஒன்றாக வெளியிட்டார்கள். உடனே ரசிகர்கள் அமேசான் தளத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தள்ளினார்கள். கதை பிடிக்காமல் அல்ல, காத்திருக்கப் பிடிக்காமல். அந்த ஒற்றை நட்சத்திரங்களில் ஒன்று தன்னுடையது என்று மைத்துனன் இப்போது ஒப்புக்கொண்டான். ஆக, தனக்கு மிகவும் பிடித்த தொடருக்கே மிகக் குறைந்த மதிப்பெண் போட்ட மனிதர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். எங்களில் நான்காமவரான மாட்டுங்கா நண்பரோ அதன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது பகுதியோடு நிறுத்தியவர்.

அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்; குர்லாவில் வண்டி மாறி எங்கள் வீட்டுக்கு வருவார். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது அவருக்குப் பத்து வயது. அதில் வந்த இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் காற்றில் தெரியும். தன் குறையையே ஆயுதமாகக் கொண்டவன்தான் வீரன் என்பது அவருடைய இலக்கணம். அதன்படி பார்வையற்ற வழக்கறிஞர் டேர்டெவிலுக்கு முதலிடம். முதல் பருவத்தின் இரண்டாம் பகுதியில், கடத்தப்பட்ட சிறுவனை மீட்க ஒரு குறுகிய நடைவழியில் நடக்கும் சண்டையை அவர் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். அந்தச் சண்டையின் அழகு குத்துகளில் இல்லை. அடிப்பவனுக்கு மூச்சு வாங்குகிறது, சுவரில் சாய்கிறான், விழுந்தவர்கள் மறுபடி எழுகிறார்கள். நான் எதிர்வாதமாக, 13 பகுதிகள் வீதம் மூன்று பருவங்கள் என்பது இழுவை என்றேன். ஒவ்வொரு பருவத்திலும் எட்டாவது பகுதிக்கு மேல் சற்றுத் தொய்கிறது. அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் மனதில் இருக்கிறது. மாயாவி கதையும் இங்கிலாந்தில் வார இதழில் சில பக்கங்களாக வந்ததுதானாம். நமக்கு முழுப் புத்தகமாகக் கிடைத்ததால் அதன் இழுவை நமக்குத் தெரியவில்லையாம். என் பைண்டு புத்தக வாதத்தை எடுத்து எனக்கே திருப்பி அடித்துவிட்டார்.

அக்கா மகள் அதுவரை பொறுமையாக இருந்தாள். பிறகு, "மாமா, உங்கள் பட்டியலில் எல்லாரும் துக்கத்தில் இருக்கிறார்கள். ஒருத்தராவது வீட்டுக்கு லேட்டாக வந்து அம்மாவிடம் திட்டு வாங்குகிறார்களா?" என்று கேட்டாள். அவள் 'மிஸ் மார்வெல்' பற்றிப் பேசுகிறாள். ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கானாக இமான் வெலானி நடித்த, 2022 ஜூன் 8 அன்று தொடங்கிய ஆறு பகுதிகள். நான் அதைப் பத்தில் சேர்க்கவில்லை. வில்லன்களின் கதை அவசர அவசரமாக முடிகிறது என்பது என் புகார். ஆனால் ஷர்மீன் ஒபைத்-சினாய் இயக்கிய ஐந்தாவது பகுதியை நான் மறந்திருந்தேன். மறந்திருக்கக் கூடாது. அதில் கதை 1947-க்குப் போகிறது. கராச்சிக்குப் புறப்படும் ரயிலுக்காக மக்கள் நெருக்கியடிக்கும் நடைமேடையில் ஒரு குழந்தை பெற்றோரைத் தவறவிடுகிறது.

நாங்கள் உட்கார்ந்திருந்த கூடத்திலிருந்து செம்பூர் கேம்ப் நடந்து போகும் தூரம். அதன் பெயரில் உள்ள 'கேம்ப்' எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமலே நான் இருபது ஆண்டுகள் அங்கே காய்கறி வாங்கியிருக்கிறேன். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த அகதிகளுக்காக ஏற்பட்ட குடியிருப்பு அது; அவர்களில் பலர் கராச்சியிலிருந்து கப்பலில் பம்பாய்க்கு வந்தவர்கள். கமலாவின் குடும்பம் போன திசைக்கு நேர் எதிர்த்திசையில் வந்தவர்கள் எங்கள் தெருமுனையில் இருக்கிறார்கள். அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு சிந்திப் பாட்டியும் அவர்களில் ஒருவர். அக்கா மகள் அந்த ஐந்தாவது பகுதியை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறாள். வளையலிலிருந்து ஒளி வருவதெல்லாம் பாட்டிக்குப் புரியவில்லை. நடைமேடைக் காட்சி வந்தபோது மட்டும் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டாராம். இதைக் கேட்ட பிறகு 'வில்லன்களின் கதை அவசரமாக முடிகிறது' என்ற என் விமர்சனத்தை எடுத்து வைக்க எனக்கு வாய் வரவில்லை. விமர்சனம் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு பகுதி, மற்ற ஐந்தும் இல்லாமலே நிற்கக்கூடியது. என் அளவுகோலின்படியே அதற்குப் பத்தில் ஓர் இடம் உண்டு. தாளில் 'மூன் நைட்'டை அடித்துவிட்டு எழுதினேன். முதலிடம் அதனால் மாறவில்லை.

'வாட்ச்மென்', 'தி பெங்குவின்' இரண்டைப் பற்றியும் பெரிய சண்டை இல்லை. 1921-இல் டல்சாவில் கறுப்பினத்தவர் மீது நடந்த படுகொலையிலிருந்து தொடங்கும் 'வாட்ச்மென்' 2020-இல் 11 எம்மி விருதுகள் பெற்றது. ஒன்பதே பகுதிகள், அடுத்த பருவம் எடுக்காமல் நிறுத்தியதே அதன் பெருமை. பேட்மேன் கதையின் வில்லனைப் பற்றிய 'தி பெங்குவின்' தொடரில் பேட்மேன் தலைகாட்டுவதே இல்லை, ஆகவே அது ரவுடிக் கதைதானே என்றான் மைத்துனன். சோஃபியா என்னும் பாத்திரத்தின் கடந்த காலத்தைச் சொல்லும் நான்காவது பகுதியைப் பார்த்துவிட்டுப் பேசச் சொன்னேன். சோஃபியாவாக நடித்த கிறிஸ்டின் மிலியோட்டிக்கு எம்மி கிடைத்தது சும்மா இல்லை.

லோகிக்கு வருவோம். யாரும் தலையில் வைத்துக் கொண்டாடாத அது எப்படி நால்வரையும் பிடித்தது? மைத்துனனுக்கு நடிகர் ஓவன் வில்சனின் பேச்சு, நண்பருக்குக் காலத்தையே அலுவலகக் கோப்பாக்கி வைத்திருக்கும் அந்த நிறுவனம் (வங்கியை நினைவுபடுத்துகிறதாம்), அக்கா மகளுக்கு நடாலி ஹோல்டின் இசை. எனக்கு அதன் முடிவு. 2021 ஜூனில் வந்த முதல் பகுதிக்கும் 2023 நவம்பரில் வந்த கடைசிப் பகுதிக்கும் ஒரே தலைப்பு: 'குளோரியஸ் பர்பஸ்', அதாவது மகத்தான நோக்கம். தற்பெருமையாகத் தொடங்கிய அந்தச் சொற்கள் பன்னிரண்டு பகுதிகளுக்குப் பிறகு வேறு எடையோடு திரும்பி வருகின்றன. எப்படி என்பதைப் பார்க்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன். இரண்டாம் பருவம் நமக்கு வெள்ளிக்கிழமை காலை 6.30-க்கு வந்தது, பார்த்துவிட்டுக் குளித்து ஹார்பர் லைன் வண்டியைப் பிடிக்கச் சரியாக இருக்கும். கடைசி வாரத்துக்குள் அமெரிக்காவில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டதால் அது 7.30 ஆகிவிட்டது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போனை வைத்துப் பார்த்தேன். சிஎஸ்எம்டியில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும், மீதி இருபது நிமிடத்தை நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் அலுவலகம் போனேன். அப்படியிருந்தும் ஏன் முதலிடம் தரவில்லை என்று அக்கா மகள் கேட்டாள். இரண்டாம் பருவத்தின் நடுப் பகுதிகளில் ஆட்கள் ஓடிக்கொண்டே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றேன். மற்ற மூவரும் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள். அந்தப் பிற்பகலில் நாங்கள் நால்வரும் ஒத்துப்போன ஒரே கருத்து அதுதான்.

மொத்தப் பட்டியலில் பத்தாமிடம் இன்னும் காலியாக இருக்கிறது. 'எக்ஸ்-மென் '97', 'பீஸ்மேக்கர்' இரண்டும் சமமாக நிற்கின்றன. முதலாவதை நண்பரும் இரண்டாவதை நானும் இன்னும் முடிக்கவில்லை. அதுவரை அந்த இடத்தில் மாயாவியை உட்கார வைக்கலாம் என்று நண்பர் சொன்னதும், அது எத்தனை எபிசோடு, எதில் வருகிறது என்று மைத்துனன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.