அசனத்தில் சோறு வடிக்கிறதும் வரம்தான்

எங்கள் சபையில் சமீபத்தில் ஒரு விசேஷக் கூட்டம் நடந்தது. செய்தி கொடுக்க வந்தவர், "வரம் பெற்றவர்கள் முன்னால வாங்க, ஜெபிக்கலாம்" என்று அழைத்தார். வரம் என்றால் ஊழியத்துக்காகக் கடவுள் ஒருவருக்குக் கொடுக்கிற திறமை. பாட்டுக்குழு போனது. ஜெபக்குழு போனது. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள் சிலரும் தயங்கியபடி எழுந்து போனார்கள். அசனத்துக்கு ராத்திரி முழுக்க விழித்திருந்து சோறு வடிக்கிற அண்ணன்மாரில் ஒருவர்கூட எழவில்லை. அவர்கள் எழுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அசனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பண்டிகையை ஒட்டி சபையே சேர்ந்து சமைத்து, ஊரையே உட்கார வைத்துப் போடுகிற சாப்பாடு. ஒருவர் ஆடு கொடுப்பார், ஒருவர் அரிசி மூட்டை, ஒருவர் விறகு. முந்தின நாள் சாயங்காலமே பெண்கள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவோம். கறி வெட்டுகிறவர்கள் தனி, குழம்பு பார்க்கிறவர்கள் தனி. ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்தே அண்டா முழுக்க வெந்துவிட்டதா என்று சொல்லும் பெரியவர் ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். அவர் "வடிங்கடே" என்றால்தான் வடிப்பார்கள். கொஞ்சம் பிந்தினால் ஊருக்கான சோறே குழைந்துபோகும். பீடத்தருகே நின்று ஒரு வசனம் வாசிக்கச் சொன்னால் அவருக்குக் கை நடுங்கும். ஆனால் வேறு மதத்து அக்கம்பக்கத்தாரும் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுப் போகிறார்களே, அவர் கைப்பக்குவம் இல்லாமல் அது நடக்காது.

அந்தக் கூட்டத்தில் வேதாகமத்திலிருந்து வாசித்தது, பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம், 1 கொரிந்தியர் 12. கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது என்கிற பகுதி. 28ஆம் வசனம் வரை போயிருக்கலாம். அங்கே அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள், பாஷைகள் இருக்கிற அதே வரிசையில் உதவி செய்கிற ஊழியங்களையும் பவுல் வைத்திருக்கிறார்.

நம் தென்னிந்தியத் திருச்சபை உருவான கதையும் இதுதான். 1919இல் தரங்கம்பாடியில் கூடி, பிரிந்து கிடக்கிற சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டவர்களில் முக்கியமானவர் பேராயர் அசரியா. வெள்ளாளன்விளையில் பிறந்த நம் ஊர்க்காரர். அதற்கப்புறம் 28 வருஷம் பேச்சு இழுத்தது. பெரிய சிக்கல் எது தெரியுமா? குருப்பட்டம். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாதவர்களின் ஊழியத்தை எப்படி ஏற்பது என்று பேராயர்கள் தலைமையில் நடக்கிற ஆங்கிலிக்கன் சபையின் பக்கத்தில் பலருக்குத் தயக்கம். பேராயர்களே இல்லாமல் வளர்ந்த சபைகளுக்கோ, இத்தனை காலம் நாங்கள் செய்தது ஊழியம் இல்லையா என்ற வருத்தம்.

கடைசியில் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானபோது, ஏற்கெனவே ஊழியத்தில் இருந்த யாருக்கும் மறுபடி பட்டம் கொடுக்கவில்லை. அவரவர் ஊழியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பேராயரும் இருந்தார், மூப்பர்களும் ஆலோசனைச் சங்கங்களும் இருந்தன, உள்ளூர் சபையின் குரலும் இருந்தது. ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவர் குப்பையில் போடவில்லை. அசரியா அதைப் பார்க்காமல் 1945லேயே கண்மூடிவிட்டார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அப்படிச் சேர்ந்த திருச்சபையில், சேகரத் தேர்தல், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கிற சபைகளின் நிர்வாகத் தேர்தல், வந்தால் ஒரே குடும்பத்து ஆட்கள் இரண்டு அணியாகி, ஆராதனை முடிந்து முகம் பார்க்காமல் வெளியே போகிறோம். அந்த இரண்டு அணியும் அசன அடுப்படியில் ஒரே அண்டாவைப் பிடித்துத் தூக்குவதை நானே பார்த்திருக்கிறேன். அண்டா ஒருபக்கம் சாய்ந்தால் கொதிக்கிற கஞ்சி எல்லார் மேலும்தான் ஊற்றும் என்று அங்கே அத்தனை பேருக்கும் தெரிகிறது. ஆலயத்துக்குள் வந்தால் ஏன் மறந்துபோகிறது?

எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். பாட்டுக்குழுவுக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கும் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்கிற மாதிரி, இந்த வருஷம் அசன வேலை தொடங்குகிற சாயங்காலம் அடுப்படிக்கே வந்து, அங்கே இருக்கிறவர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். ஆலயத்தைக் கவனித்துக்கொள்கிற கோயில்பிள்ளையையும் பாத்திரம் கழுவுகிற அக்காமாரையும் சேர்த்துத்தான். சரி என்று சொல்லிவிட்டார். பெயர்ப்பட்டியலை நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.