வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்ட பூச்சியம்

டர்பனில் இயற்பியல் ஆனர்ஸ் படித்த வருடம், வாய்மொழித் தேர்வின் முதல் கேள்விக்கே சறுக்கினேன். "பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் உள்ளுராய்வு, அறவே இல்லாத பாய்மம் இருக்க முடியுமா?" என்று கேட்டார் ஆசிரியர். "முடியும் சார், அதுதானே இலட்சியப் பாய்மம்" என்றேன். சமன்பாட்டில் பாகுநிலைக்குப் பூச்சியம் போட்டாலும் ஒன்றும் கெடாதே என்ற தைரியம். "சரி, வெப்பநிலையும் பூச்சியமா?" என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தக் கேள்விக்குள்தான் பாடமே இருக்கிறது. வெப்பம் இருக்கும் பாய்மம் ஒரு கணமும் சும்மா இருக்காது. அடர்த்தியும் வேகமும் தானாகவே ஏறி இறங்கும், சிறுசிறு ஒலி அலைகள் எழும். இந்த அலைகள் உந்தத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகின்றன. பாகுநிலை என்பதே உந்தம் பரவுவதன் அளவுதானே! பாகுநிலை குறையக் குறைய அலைகள் அடங்காமல் வெகுதூரம் ஓடும், அதிக உந்தம் சுமக்கும். ஆக, குறைத்த பாகுநிலையை அலைகளே திரும்பக் கூட்டிவிடுகின்றன. பூச்சியத்துக்கு இறங்க வழியில்லை.

இதைப் புரிந்துகொள்ள நல்ல வரிசை: முதலில் ஐன்ஸ்டைனின் 1905 பிரவுனியன் இயக்கம், அதாவது பாய்மத்தில் மிதக்கும் நுண்துகளின் தாறுமாறான ஆட்டம். அப்புறம் லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் 1957இல் பாய்மச் சமன்பாட்டில் சேர்த்த சீரற்ற தகைவு, அதாவது வெப்ப ஆட்டத்தால் வரும் தாறுமாறான உள்விசை. அதன் வலிமை ஏன் வெப்பநிலை, பாகுநிலை இரண்டின் பெருக்கலைப் பொறுத்தது என்பதை நீங்களே வருவித்துப் பாருங்கள். ஆல்டர், வெயின்ரைட் 1970இல் கணினியில் கண்ட நீண்டகால வாலை (துகள் தன் பழைய வேகத்தின் நினைவை மிக மெதுவாகவே இழப்பதை) அதற்குப் பிறகு தொடுங்கள். நான் தலைகீழாகத் தொடங்கி ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

கோவ்துன், சன், ஸ்டாரினெட்ஸ் 2005இல் முன்வைத்த கீழெல்லையை எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள்: பாகுநிலைக்கும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) அடர்த்திக்கும் உள்ள விகிதம், இயல்பு அலகில் (அடிப்படை மாறிலிகளை 1 என்று வைத்தால்) 1/4π-க்குக் கீழே போகாது. அது ஒரு ஊகம், நிரூபித்த விதி அல்ல. தேர்வில் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனப்பாடத்தைவிட, அறை வெப்பநிலைத் தண்ணீருக்கு ஒருமுறை கணக்குப் போடுவது மேல். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள வீட்டில், லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) இரவொன்றில் மெழுகுவர்த்தி வைத்துப் போட்டேன். எல்லையைப்போல் ஏறக்குறைய 380 மடங்கு வந்தது. "தண்ணிக்குப் போய் இவ்வளவு கணக்கா?" என்றார் ஆயா. குவார்க்-குளுவான் பிளாஸ்மாவும் (புரோட்டான், நியூட்ரான்கள் உருகிய மிகச் சூடான நிலை) மிகக் குளிர்ந்த லித்தியம் அணுவாயுவும் எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன என்பது அன்றுதான் உறைத்தது.

தேர்வுக்கு முன் இரண்டு பரிமாணப் பாய்மத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே பாகுநிலைக்கு அலைகள் கூட்டும் இந்தத் திருத்தம், பாய்மத்தின் பரப்பு கூடக் கூட லாகரிதமாக எல்லையின்றி வளரும். என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். அதற்கு மட்டும் தடுமாறாமல் பதில் சொன்னேன்.