மூன்று தந்தியில் பாடிய பொத்தெசினி

ஜூன் 23

இரண்டு வருடமாக டபுள் பேஸ் பழகுகிறேன், வயலின் குடும்பத்தில் மிகப் பெரியது, நிறுத்தி வைத்து வில்லால் வாசிப்பது. ஆனாலும் இந்த வாத்தியம் இப்படிப் பாடும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இசையமைப்பாளர் ஜியோவான்னி பொத்தெசினி பேஸுக்கு எழுதிய ‘எலெஜியா’, பியானோ துணையோடு. கண்ணை மூடிக் கேட்டால் இதைவிடச் சின்னதான செல்லோ என்றுதான் நினைப்போம். மெட்டு கீழே இறங்கி, அந்தப் பெரிய மரக்கூடு அதிரும்போதுதான் பிடிபடுகிறது. நாலு தடவை கேட்டுவிட்டேன், தூக்கம் வரவில்லை.

ஜூன் 25

ஆள் யார் என்று தேடிப் படித்தேன். 1821-இல் இத்தாலியின் லொம்பார்டியில் கிரேமா என்ற ஊரில் பிறந்தவர், அப்பா கிளாரினெட் கலைஞர். 1835-இல் மிலான் இசைக் கல்லூரிக்குப் போனபோது உதவித்தொகையோடு மிச்சம் இருந்தவை இரண்டே இடங்கள், ஒன்று பசூன் என்ற ஊதுகுழலுக்கு, இன்னொன்று டபுள் பேஸுக்கு. வீட்டில் வசதி இல்லை, அதனால் பேஸ்! அதுவரை வயலின் பிடித்த பையன் சில வாரங்களில் தயாராகிச் சேர்ந்துவிட்டான். நாலே வருடத்தில் பரிசோடு வெளியே வந்து, கார்லோ அந்தோனியோ தெஸ்தோரே செய்த பழைய பேஸ் ஒன்றை வாங்கினார். ஏதோ பொம்மலாட்டக் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்தது என்று சொல்வார்கள். அதில் மூன்றே தந்திகள்.

ஜூன் 28

சோலோ தந்திகளை மாட்டினேன். தனியாக வாசிக்கும்போது வழக்கமான சுருதியைவிட ஒரு முழு டோன் ஏற்றிக் கட்டுவார்கள், குரல் கொஞ்சம் பளிச்சென்று வரும். அதனால் என் இசைத்தாளில் சி மேஜர் சுருதி, பியானோ தாளில் அதே பாட்டு ஒரு டோன் மேலே, டி மேஜர்.

கஷ்டம் ஹார்மோனிக்ஸில்தான். தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் சும்மா தொட வேண்டும், தொட்டால் புல்லாங்குழல் மாதிரி ஒரு ஒலி எழும்பும். தந்தியின் நீளம் ஒரு மீட்டருக்கு மேல், அதில் இடம் ஒரு மயிரிழை தவறினாலும் வெறும் கரகரப்பு. இன்று ஒரு மணி நேரம் முழுக்கக் கரகரப்புதான். பொத்தெசினி வில்லை செல்லோக்காரர்கள் மாதிரி மேலிருந்து பிடித்தார், அவருக்கு முந்தைய பெரிய கலைஞர் டிராகனெட்டி பிடித்தது கீழிருந்து. நானும் மேலிருந்துதான் பிடிக்கிறேன், இதெல்லாம் யாரிடமிருந்து வந்தது என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை.

ஜூலை 2

இப்படிப்பட்டவரை எப்படி மறந்தார்கள்? 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘ஐடா’ என்ற ஓபரா, அதாவது இசை நாடகம், முதன்முதலாக அரங்கேறியபோது வெர்டி அங்கே போகவில்லை, இசைக்குழுவை நடத்தியவர் பொத்தெசினி. ஓபரா நடத்தும் இரவுகளில் இடைவேளையில் பேஸோடு மேடைக்கு வந்து, அன்றைய ஓபராவின் மெட்டுகளையே எடுத்து வாசிப்பாராம். சொந்தமாகவும் ஓபராக்கள் எழுதினார், ‘ஈரோ இ லெயாந்த்ரோ’வுக்கு வரிகள் கவிஞர் பொய்தோவுடையவை. அவை மேடையை விட்டுப் போய்விட்டன. மிஞ்சியது பேஸுக்கு எழுதியது, அதுவும் பேஸ் வாசிக்கும் எங்களோடு நின்றுவிட்டது. பேஸுக்கும் இசைக்குழுவுக்குமாக அவர் எழுதிய இரண்டாவது கான்செர்டோவைத் தொடாத பேஸ் மாணவர் அபூர்வம், ஆனால் கச்சேரிக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

‘டபுள் பேஸின் பாகனினி’ என்ற பட்டமும் எனக்குப் பிடிக்கவில்லை. பாகனினி வயலின் மேதை, அந்தப் பெயரைக் கேட்டால் விரல் வேகம்தான் நினைவுக்கு வரும். ‘எலெஜியா’வில் வேகத்துக்கு என்ன வேலை? ஓபராப் பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் வில் மூச்சு எடுக்கிறது, அவ்வளவுதான். பாடகர்களோடு வாழ்க்கை முழுக்க வேலை செய்தவர் எழுதிய பாட்டு அது.

ஜூலை 7

1889-இல் இதே நாளில் பார்மாவில் இறந்தார். வெர்டியின் பரிந்துரையில் அந்த ஊர் இசைக் கல்லூரிக்கு இயக்குநராகி சில மாதங்கள்தான் ஆகியிருந்தது.

மாலையில் அக்கா பியானோவில் உட்கார்ந்தாள். முதல் பக்கம் வரை போனோம். கடைசி ஹார்மோனிக் சுத்தமாக வந்தது, வில்லை எடுத்த பிறகும் தந்தி கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருந்தது. அக்கா கையைக் கட்டையிலிருந்து எடுக்கவே இல்லை. “இன்னொரு தடவை, இன்னும் மெதுவா எடுடா” என்றாள். எடுத்தோம்.