காங்கேசன்துறையில் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு

நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுது என்றதும் யாழ்ப்பாணத்தில் அநேகம் பேரின் திட்டம் ஒன்றுதான்: வேளாங்கண்ணி, நாகூர், ஒரு எட்டுத் திருநள்ளாறு, மிச்ச நேரம் துணிக்கடை. அதில் பிழையில்லை. ஆனால் அதே வழியில், காரைக்காலைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் தரங்கம்பாடி இருக்கிறது. டென்மார்க்காரர் 1620இல் வந்து கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலக் கொம்பனிக்கு விற்றுவிட்டுப் போன ஊர். முற்றவெளியில் நின்று எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த ஒருவர் அதைப் பார்க்கிற மாதிரி சென்னையிலிருந்து வருகிறவர் பார்க்க முடியாது.

காரணம் இருக்கிறது. 1619இல் யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலி குமாரன் போர்த்துக்கேயரிடம் பிடிபட்ட கதை எங்களுக்குத் தெரியும். போர்த்துக்கேயரை எதிர்க்க யாழ்ப்பாணத்துக்கு அக்கரையிலிருந்து படை அனுப்பியவர் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர். அதே நாயக்கர்தான் 1620 நவம்பரில் டென்மார்க்காரருக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். அந்த உடன்பாட்டுக் காலத்தில் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோப்பன்ஹேகனில் இருக்கிறது. டென்மார்க் கப்பல்கள் முதலில் தேடி வந்ததும் தரங்கம்பாடியை இல்லை, இலங்கையை. கண்டி அரசனோடு பேச்சு, திருகோணமலையில் காலூன்றப் பார்த்தது, இரண்டும் சரிவரவில்லை. முன்னோடியாக வந்த கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துக்கேயர் மூழ்கடிக்க, தப்பிக் கரையேறிய ரோலன்ட் கிராப்பே என்ற தலைவர் தஞ்சாவூருக்குப் போய்ச் சேர்ந்தார். மிச்சம் அங்கே பேசி முடிந்தது.

இனிப் பயணம். கடவுச்சீட்டில் குறைந்தது 6 மாதமும் இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்கவேணும். ஈ-விசா எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேணும்: அது இந்தியாவின் எல்லா வாசலுக்கும் செல்லாது, பட்டியலில் உள்ள விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும்தான். கப்பல் ரிக்கெற் போட முதல், நீங்கள் இறங்கும் துறைமுகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறது; கடவுச்சீட்டில் ஒட்டும் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். விசா கையில் வர முதல் கப்பலுக்குக் காசு கட்டுவது அவசரப் புத்தி.

கப்பல் சேவை 2023 ஒக்ரோபர் 14இல் தொடங்கி, மாரியோடு நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் வேறு கப்பலோடு திரும்பத் தொடங்கியது. வாடைக்காற்றுக் காலத்தில் நிறுத்துவார்கள். மற்ற மாதங்களிலும் கடல் குழம்பினால் அன்றைய ஓட்டம் இல்லை. ஆகவே போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் பின்னால் ஒவ்வொரு நாள் சும்மா விட்டுத் திட்டம் போடுங்கள். திங்கட்கிழமை வேலைக்கு நிற்கவேணும் என்று ஞாயிற்றுக்கிழமைக் கப்பலை நம்பக்கூடாது. அவசரத்துக்குப் பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது.

நேரம் பொதுவாக 4 மணித்தியாலம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். அலை உயரமாக வராது, குட்டையாகவும் நெருக்கமாகவும் வந்து அடிக்கும். வயிற்றைப் பிரட்டுவது இந்த அடிதான். முன் இருக்கைகளில் குலுக்கம் கூட, நடுவிலும் பின்னுக்கும் குறைவு. குளிசை போடுகிறவர்கள் கப்பல் வெளிக்கிட ஒரு மணித்தியாலம் முதலே போடவேணும். சத்தி வரத் தொடங்கின பிறகு போட்டால் குளிசையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வெறும் வயிறும் கூடாது, புட்டும் மீன்குழம்பும் முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் கூடாது. இரண்டு துண்டு பாண் காணும். பொதி எடைக்கான இலவச அளவு மாறி மாறி வருகிறது. போன முறை போனவர் சொன்னதை நம்பாமல் ரிக்கெற்றில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

கப்பல் காலையில் நாகையிலிருந்து வெளிக்கிட்டு வந்து, மத்தியானத்துக்குப் பிறகு காங்கேசன்துறையிலிருந்து திரும்பும் ஒழுங்கில் ஓடினால், நீங்கள் அக்கரையில் இறங்குவது பொழுதுபடும் நேரம். குடிவரவு, சுங்கம் முடிய இருட்டிவிடும். அன்றிரவே தரங்கம்பாடிக்கு ஓடாமல் நாகப்பட்டினத்திலோ நாகூரிலோ வேளாங்கண்ணியிலோ தங்குங்கள். நாகூர் 5, 6 கிலோமீற்றர் வடக்கே, வேளாங்கண்ணி 10 கிலோமீற்றர் சொச்சம் தெற்கே. ஓகஸ்ட் 29 முதல் செப்டெம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நாகூர்க் கந்தூரி பிறைக் கணக்கில் வரும். இந்த நாட்களில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

அறை விசயத்தில் எங்கள் ஆட்கள் அடிக்கடி முட்டுப்படுவது ஒரு தாளில். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் அவரின் விவரத்தைப் பதியவேணும்; அதைச் சி படிவம் என்பார்கள். சின்ன லொட்ஜுகளுக்கு அந்த வேலை தெரியாது, அல்லது வேண்டாம். நீங்கள் தமிழ் கதைப்பதைக் கேட்டு "ஆதார் குடுங்க சார்" என்பார்கள். கடவுச்சீட்டை நீட்டினதும் "ரூம் இல்லீங்க" என்று ஆகிவிடும். அது உங்கள் மேல் கோபமில்லை, படிவத்தின் மேல் பயம். முதலே போன் எடுத்து, "அண்ணே, ஸ்ரீலங்கா பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். கடவுச்சீட்டு, விசாப் பக்கங்களின் பிரதி ஐந்தாறும், பாஸ்போர்ட் சைஸ் படம் ஐந்தாறும் கொண்டுபோங்கள். சிம் வாங்கவும் இவைதான். சிம் உடனே வேலை செய்யாமலும் போகலாம்.

காசு: இந்திய ரூபாயை இங்கேயே மாற்றி மடியில் கட்டிக்கொண்டு கப்பலேறுவது சிக்கல், வெளிநாட்டார் அதைக் கொண்டுவருவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. டொலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். இலங்கை ரூபாயை நாகையில் மாற்றலாம் என்று நம்பிப் போகாதீர்கள். தேத்தண்ணீர்க் கடையில்கூட போனில் காசு அனுப்பச் சொல்வார்கள்; இந்திய வங்கிக் கணக்கில்லாத எங்களுக்கு அது லேசில் சரிவராது, ஆகவே 10, 20, 50 ரூபாய்த் தாள்கள் வேணும். இன்னொன்று பிளக். இப்போது இங்கே வரும் சதுரப் பின் சார்ஜர் அங்கே பொருந்தாது. உருண்டைப் பின் அடாப்டர் ஒன்று இங்கேயே வாங்குங்கள். தேத்தண்ணீருக்கு "சீனி" என்றால் விளங்கிக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் "சர்க்கரை" என்பதும் அந்த வெள்ளைச் சீனியைத்தான். எங்கள் சர்க்கரை அங்கே வெல்லம்.

நாகையிலிருந்து தரங்கம்பாடி 30 கிலோமீற்றர் சொச்சம். நேர் பஸ் வராவிட்டால் காரைக்காலுக்கு ஏறி அங்கே மாறுங்கள். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. இடையில் ஒரு துண்டு வேறு ஆட்சி, பிறகு திரும்பத் தமிழ்நாடு. பழைய பயணக் குறிப்புகளில் தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டம் என்று இருக்கும். 2020இலிருந்து அது மயிலாடுதுறை மாவட்டம். வெள்ளிக்கிழமையில் போகாதீர்கள்: கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல்துறை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

பிரதான வீதியில் இறங்கிக் கிழக்கே நடந்தால் வெள்ளை வாசல் ஒன்று. 1792இல் கட்டியது, நெற்றியில் டென்மார்க் அரசனின் முத்திரை. அதுக்குள் நுழைந்தால் ராஜா வீதி, முடிவில் கடல். நிற்காமல் நடந்தால் பத்து நிமிடம் வராது. ஆனால் நிற்கவேணும். முதலில் 1701இன் சீயோன் தேவாலயம், பிறகு 1718இன் புது எருசலேம் தேவாலயம். இரண்டாவதின் முகப்பில் முடியும் நான்காம் பிரெடரிக் அரசனின் பின்னல் எழுத்தும் ஆண்டும் சுதையில் இருக்கின்றன. உள்ளே பீடத்துக்கு முன்னால் ஜெர்மன் மிசனரி சீகன்பால்குவின் கல்லறை. 1706 ஜூலை 9இல் இந்தக் கரையில் இறங்கினார், 1719இல் 36 வயதில் இறந்தார். எங்கள் கோட்டைக்குள் ஒல்லாந்தர் தேவாலயம் எழும்பியதும் அதே 1706இல்தான். அது 1990 முற்றுகையில் இடிந்துபோனது. அதன் சிலுவை வடிவத் தரை அமைப்பை இன்று அத்திவாரத்தில்தான் பார்க்கலாம். அந்த அமைப்பை முழுசாகப் பார்க்க புது எருசலேமுக்குள் நுழையுங்கள். ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும், படம் எடுக்க அது நேரமில்லை.

வீதி முடிகிற இடத்தில் திறந்த வெளி, அதன் ஓரத்தில் ஆளுநர் மாளிகை, எதிரே டான்ஸ்போர்க் கோட்டை. எங்கள் கோட்டையை மனதில் வைத்துப் போனால், "இவ்வளவுதானா?" என்று முதலில் தோன்றும். எங்களது ஐங்கோணம், அகழி சூழ்ந்து ஒரு ஊரே அடங்கும் அளவு. இது மதிலும் கொத்தளமும் சூழ்ந்த ஒரு முற்றம், கடல் பக்கத்தில் நீளமாக இரண்டு தட்டுக் கட்டிடம். கீழ்த்தட்டில் களஞ்சியம், குசினி, சிறை. மேல்தட்டில் ஆளுநரும் பாதிரியாரும். யாழ்ப்பாணக் கோட்டை ஆட்சி செய்யக் கட்டியது. இது மிளகுக்கும் துணிக்கும் கணக்கு வைக்கக் கட்டியது. அந்த வித்தியாசம் கட்டிடத்திலேயே தெரிகிறது.

கிட்டப் போய்ச் சுவரைப் பாருங்கள். எங்கள் கோட்டைச் சுவரில் முருகைக்கல். உற்றுப் பார்த்தால் தேன்கூடு மாதிரிப் பூவேலை தெரியும். இங்கே செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கடற்காற்றின் உப்பு செங்கல்லுக்குள் இறங்கி, ஈரம் காய்கிறபோது வெள்ளையாகப் பூத்து மேற்பூச்சைத் தள்ளும். பழுதுபார்க்கிறோம் என்று சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல் பொடியாகும். அதனால்தான் இந்த ஊர்ப் பழைய கட்டிடங்களுக்குத் திரும்பவும் சுண்ணாம்பு. எங்கே சுண்ணாம்பு, எங்கே சீமெந்து என்று விரலால் தொட்டே சொல்லலாம்: சீமெந்து இட்ட இடத்தைச் சுற்றிச் செங்கல் உள்வாங்கியிருக்கும்.

கோட்டைக்கு வடக்கே கரையில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், 1306. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. டென்மார்க்காரர் வர 300 வருடத்துக்கு முன்னமே இது துறைமுகம் என்பதற்கு அந்தக் கோயில்தான் சாட்சி. முன்பகுதியைக் கடல் எடுத்துவிட்டது. இப்போது கற்களைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கற்கள் பாசி பிடித்து வழுக்கும், செருப்போடு ஏறாதீர்கள். குளிக்கிற கடலும் இல்லை. ஓசோன் நிறைந்த கரை என்று பெருமையாகச் சொல்வார்கள். மூக்கில் ஏறுவது கடற்பாசி மணம், அது எங்கள் மாதகல் கரையிலும் கிடைக்கும். வெயில் ஏற முதல், காலை 7 மணிக்கே கரைக்குப் போய்விட்டு, பத்து மணிக்குப் பிறகு அருங்காட்சியகத்துக்குள் நுழைவது நல்ல ஒழுங்கு. மேயில் போனால் இந்த ஒழுங்கும் காப்பாற்றாது. பெப்ரவரி, மார்ச் சுகம்.

ஊர் ஏன் இப்படியே உறைந்து நிற்கிறது என்றால், வியாபாரம் விட்டுப் போனதால்தான். 1845இல், வங்காளத்தில் டென்மார்க்காரரிடம் இருந்த செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். 1860களில் ரயில் நாகப்பட்டினத்துக்கு வர, கப்பல்களும் அங்கே போயின. இடிக்கவும் திரும்பக் கட்டவும் யாரிடமும் காசு இருக்கவில்லை.

தரங்கம்பாடியின் பெரிய சொத்து கோட்டை இல்லை, அச்சு. சீகன்பால்குவின் மிசனுக்கு ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து மிகப் பெரிது. அதில் அடித்தால் காகிதம் காணாது. ஆகவே ஈயத்தில் சிறிய எழுத்தை இங்கேயே வார்த்து, 1714இல் தொடங்கிப் புதிய ஏற்பாட்டை அடித்தார்கள். காகிதத்துக்குப் பட்டறையும் போட்டார்கள், பக்கத்தில் பொறையாறில்; கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்துக்குப் பெயர். இதோடு சேர்த்து, ஒரு நாள் மிச்சமிருந்தால் மயிலாடுதுறை வழியாகத் திருவாவடுதுறைக்குப் போங்கள். 1849இல் அச்சுக்கூடம் வாங்கச் சென்னைக்குப் போன வண்ணார்பண்ணை ஆறுமுகத்துக்கு "நாவலர்" பட்டம் கொடுத்தது அங்குள்ள ஆதீனம். பைபிளை மொழிபெயர்க்கப் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணை நின்றவர், அதே ஆயுதத்தைச் சைவத்துக்குத் தூக்கினார். மிசனரி அச்சையும் அதற்கு வந்த மறுமொழியையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். ஆதீனத்துக்கு வேட்டியோடு போங்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும்.

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைத் தேடி அலையாதீர்கள். இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டியது. கடைசியாக நின்ற கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். அங்கே கிடைத்த வெண்கலப் புத்தர்களில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாகனம் பிடித்துத் தெற்கே போகிறவர்கள் பட்டுக்கோட்டைக்கு அப்பால் மனோராவை விடவேண்டாம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக இரண்டாம் சரபோஜி மன்னர் 1814, 1815 அளவில் கடற்கரையில் எழுப்பிய எட்டுத் தட்டுக் கோபுரம். அந்தச் சண்டைக்கும் இந்த மணலுக்கும் என்ன சம்பந்தம் என்று அதன் அடியில் நின்றும் விளங்காது.

கரையில் யாராவது பழைய டென்மார்க் காசு என்று பச்சை பிடித்த செம்பை நீட்டினால் வாங்கவேண்டாம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. அசல் என்றால் சுங்கத்தில் மாட்டும், போலி என்றால் காசு போச்சு.

திரும்பும் கப்பல் காலையில் என்றால் முதல்நாள் இரவே நாகைக்கு வந்துவிடுங்கள். தரங்கம்பாடியிலிருந்து விடியப் பஸ் பிடித்து வரலாம் என்று நினைத்தவர்கள் காரைக்காலில் நின்று நேரம் பார்த்திருக்கிறார்கள். பொதியை லொட்ஜிலேயே நிறுத்துப் பார்ப்பது நல்லது. எடையை ஏற்றுவது அநேகமாகச் சேலையில்லை, மாமிமாருக்கு வாங்கிய எவர்சில்வர் சட்டிகள்தான்.